11 சதவீதத்துக்குப் பின்னால் இருப்பவர் யார்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. எச்சில் மாதிரி அனுப்பி மரபணுச் சோதனை செய்திருக்கிறீர்கள். அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் தலைமுறை தலைமுறையாக ஒரே சமூகம்தான் என்று கேட்டு வளர்ந்த உங்களுக்கு, வேறொரு கண்டத்து மக்களின் வம்சாவளி 11 சதவீதம் என்று வந்திருக்கிறது. அதே தரவுக் கோப்பை இன்னொரு நிறுவனத்தில் ஏற்றினால் 6 சதவீதம் என்கிறது. போதாக்குறைக்கு, யாரென்றே தெரியாத ஒருவர் 430 சென்டிமார்கன் பொருத்தத்தோடு உங்கள் உறவினர் பட்டியலில் மேலே நிற்கிறார். "எதை நம்புவது, வீட்டில் கேட்கலாமா?" என்று முடித்திருக்கிறீர்கள். சோதனை சரியா தப்பா என்பது உங்கள் உண்மையான கேள்வியாக எனக்குப் படவில்லை. வீட்டில் சொன்ன கதையில் யாரோ ஒருவர் விடுபட்டிருக்கிறாரா, அவர் யார் என்பதைத்தான் கேட்கிறீர்கள். மரபியல் படித்துவிட்டு, பல வருடங்களாகக் குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு உதவி வருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: சதவீதத்தை வைத்து யாரையும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் உங்களிடம் அதைவிட நல்ல துப்பு ஒன்று இருக்கிறது, அந்த 430.

முதலில் சதவீதத்தை முடித்துவிடலாம். மனித மரபணுத் தொகுப்பு சுமார் 300 கோடி எழுத்துகள் நீளம். இந்தச் சோதனைகள் அதில் ஆளுக்கு ஆள் மாறக்கூடிய ஆறேழு லட்சம் இடங்களை மட்டும் படிக்கின்றன. அப்புறம் உங்கள் குரோமோசோம்களைச் சிறு சிறு துண்டுகளாக எடுத்து, ஒவ்வொன்றும் தங்களிடம் உள்ள எந்த ஒப்பீட்டுக் குழுவை அதிகம் ஒத்திருக்கிறது என்று கணக்குப் போடுகின்றன. ஒப்பீட்டுக் குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் நம் காலத்து மனிதர்கள். பல தலைமுறையாக ஒரே பகுதியில் வாழ்ந்த குடும்பங்களாகப் பார்த்துப் பொறுக்கியவர்கள். ஆக, உங்கள் முன்னோர் எந்த ஊரில் இருந்தார்கள் என்று சோதனைக்குத் தெரியாது. உங்கள் துண்டுகள் இன்றைக்கு யாருடைய துண்டுகளைப் போல இருக்கின்றன என்பது மட்டுமே தெரியும். நிறுவனத்துக்கு நிறுவனம் குழுவும் வேறு, கணக்கு முறையும் வேறு. அதனால் 11-ம் 6-ம் ஒன்றோடொன்று மோதுவதாக நினைக்க வேண்டாம். குழுக்களைப் புதுப்பித்தால் அதே நிறுவனமே அடுத்த வருடம் 9 என்று சொல்லலாம்.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது என்ன? கண்டம் அளவிலான பிரிவுகளை இந்தச் சோதனைகள் நன்றாகவே பிரித்தறிகின்றன. இரண்டு நிறுவனங்கள் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, இரண்டும் அதே கண்டத்தைக் காட்டுவதும், எண் 5-க்கு மேல் இருப்பதும் சேர்ந்தால், அங்கே உண்மையில் ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சந்தேகத்துக்குரியது அதற்குக் கீழே அவர்கள் எழுதியிருக்கும் நாட்டின் பெயர். பக்கத்துப் பக்கத்து நாடுகளைப் பிரித்துச் சொல்வதில் இவர்கள் இன்னும் தடுமாறுகிறார்கள். சோதனை செய்துகொண்டவர்கள் குறைவாக உள்ள மக்களைப் பொறுத்தவரை தடுமாற்றம் இன்னும் அதிகம். 1, 2 சதவீதம் என்று ஏதாவது தனியாக நின்றால் நான் அதைக் கண்டுகொள்வதே இல்லை. கணக்கின் இரைச்சலிலேயே அவ்வளவு வந்துவிடும்.

இனி அந்த எண்ணைத் தலைமுறையாக மாற்றிப் பார்ப்போம். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பாதிப் பாதி வருகிறது. தாத்தா பாட்டி ஒவ்வொருவரிடமிருந்தும் சராசரியாக 25 சதவீதம், கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டி ஒவ்வொருவரிடமிருந்தும் 12.5, அதற்கு முந்தைய தலைமுறையில் 6.25. முதல் வரியைத் தவிர மற்றவை எல்லாம் சராசரிதான். குரோமோசோம்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் சீட்டுக்கட்டு போலக் கலைந்து வருவதால், ஒரு தாத்தாவிடமிருந்து 20 சதவீதமும் இன்னொரு தாத்தாவிடமிருந்து 30 சதவீதமும் வருவது சாதாரணம். கூடப் பிறந்தவர்களுக்கும் ஒரே எண் வராது. உங்கள் தங்கைக்கு 8 வரலாம், 14 வரலாம். ஆக உங்கள் 11-க்கும் 6-க்கும் பொருந்தும் எளிய விளக்கம், கொள்ளுத்தாத்தா தலைமுறையில் ஒருவர், அல்லது அதற்கு ஒரு படி மேலே ஒருவரோ இருவரோ முழுக்க அந்தக் கண்டத்தைச் சேர்ந்தவர் என்பது. கலப்புப் பிறப்பான ஒருவர் இன்னும் அருகில், தாத்தா பாட்டி நிலையிலேயே இருந்தாலும் அதே எண் வரும். எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றைப் பிரிக்க வழியில்லை.

பிரிக்க உதவும் ஒரு வழியைப் பலர் கவனிப்பதில்லை. சில நிறுவனங்கள் உங்கள் குரோமோசோம்களை வரைந்து, எந்தப் பகுதி எந்த வம்சாவளி என்று நிறம் தீட்டிக் காட்டுகின்றன. அந்த 11 சதவீதம் எப்படிப் பரவியிருக்கிறது என்று அதில் பாருங்கள். நாலைந்து குரோமோசோம்களில் நீண்ட பட்டைகளாக இருந்தால், கலப்பு சமீபத்தில் நடந்தது, நாலைந்து தலைமுறைக்குள். எல்லாக் குரோமோசோம்களிலும் பொடிப் பொடியாகச் சிதறிக் கிடந்தால், அது பல நூற்றாண்டுப் பழைய கலப்பாக இருக்கலாம், இல்லையென்றால் கணக்குப் பிசகாக இருக்கலாம். ஒவ்வொரு தலைமுறையிலும் துண்டுகள் வெட்டுப்பட்டுக்கொண்டே வருவதுதான் காரணம். பழைய கலப்பு எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. இந்தியத் துணைக்கண்டத்தையே எடுத்துக்கொண்டால், சுமார் 4,200-லிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை மிகப் பரவலான கலப்பு நடந்தது என்று 2013-ல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த அளவு பழையதாக இருந்தால் நீங்கள் தேட வேண்டிய ஆள் என்று ஒருவர் இல்லை. நீண்ட பட்டைகள் இருந்தால் மட்டும் தேடலாம்.

அப்பாவோ அம்மாவோ சம்மதித்தால் அவர்களில் ஒருவரைச் சோதனை செய்யச் சொல்வது, நூறு மணி நேரத் தேடலை மிச்சப்படுத்தும். 11 சதவீதம் அப்பா வழியில் வந்தது என்றால் அவருக்கு ஏறக்குறைய 22 வர வேண்டும். அவருக்குச் சுத்தமாக இல்லையென்றால் அம்மா வழிதான். இருவரும் இல்லாத பட்சத்தில் அத்தை, சித்தப்பா, பெரியம்மா, மாமா என்று யாராவது ஒருவர் போதும். வயதில் மூத்தவரை முதலில் கேளுங்கள். அவர்களிடம் இருக்கும் துண்டுகள் உங்களுடையதைவிட ஒரு தலைமுறை முழுமையானவை. ஆனால் எதற்காகச் சோதனை, என்னவெல்லாம் தெரியவரலாம் என்று சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும். "சும்மா விளையாட்டுக்கு" என்று சொல்லி எச்சில் வாங்குவதை நான் ஏற்கமாட்டேன்.

சரி, இப்போது அந்த 430. சென்டிமார்கன் என்பது இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளும் மரபணுத் துண்டுகளை அளக்கும் அலகு. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே சுமார் 3,400-லிருந்து 3,500 வரை இருக்கும். அமெரிக்க மரபணு வம்சாவளி ஆய்வாளர் பிளெய்ன் பெட்டிங்கர், ஆயிரக்கணக்கானவர்கள் தாங்களாகவே அனுப்பிய தரவைத் தொகுத்து 2020-ல் வெளியிட்ட அட்டவணையைத்தான் இத்துறையில் எல்லோரும் கையில் வைத்திருக்கிறோம். அதன்படி பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி பிள்ளைகளோடு சராசரி 866. ஆனால் 396 முதல் 1,397 வரை எதுவும் வரலாம். அவர்கள் பிள்ளைகளுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் இடையே சராசரி 229. உங்கள் 430 இந்த இரண்டுக்கும் நடுவே விழுகிறது. அந்த இடத்துக்கு நன்றாகப் பொருந்தும் உறவுகள் இரண்டு. ஒன்று, அவர் உங்கள் அப்பா அல்லது அம்மாவின் சித்தப்பா மகன், அத்தை மகள் போன்றவர் (சராசரி 433). மற்றொன்று, உங்களுக்கும் அவருக்கும் தாத்தா ஒருவரே, பாட்டிகள் வேறு வேறு. அல்லது பாட்டி ஒருவரே, தாத்தாக்கள் வேறு (சராசரி 449). வேறு சில உறவுகளும் இந்த எல்லைக்குள் வரும். ஆனால் நான் இந்த இரண்டிலிருந்துதான் தொடங்குவேன்.

இங்கேதான் சதவீதமும் பொருத்தமும் கைகோக்கின்றன. முதல் ஊகத்தின்படி உங்கள் கொள்ளுத்தாத்தாவோ கொள்ளுப்பாட்டியோ முழுக்க அந்தக் கண்டத்தவர், இந்த 430 ஆள் அவருடைய பேரப்பிள்ளை. அப்படியானால் அவருக்கு அந்த வம்சாவளி குறைந்தது 25 சதவீதம் அளவில் இருக்க வேண்டும். இரண்டாம் ஊகத்தின்படி கலப்புப் பிறப்பான ஒரு தாத்தா அல்லது பாட்டி உங்கள் இருவருக்கும் பொது. அப்போது அவருக்கும் உங்களைப் போலவே 12 சதவீதம் அளவில் இருக்கும், இன்னொரு பக்கத்திலிருந்து கூடுதலாக வந்திருந்தால் ஒழிய. அவருக்கு அந்த வம்சாவளி துளியும் இல்லையென்றால் உங்களிடம் இருப்பது ஒரு மர்மமில்லை, இரண்டு. 11 சதவீதம் ஒரு கதை, இந்த உறவினர் வேறொரு கதை. பல தளங்களில் பொருந்துபவரின் வம்சாவளி விவரம் அவர் அனுமதித்திருந்தால் தெரியும். அதைப் பார்த்துவிட்டு, அவருடைய வயதையும் கவனியுங்கள். உங்கள் அப்பா வயதுக்காரர் என்றால் முதல் ஊகம் வலுக்கும், உங்கள் வயதுக்காரர் என்றால் இரண்டாவது. வயதை வைத்து முடிவே கட்டிவிட வேண்டாம். கடைக்குட்டிகள் வரிசையாகப் பிறந்த குடும்பங்களில் தலைமுறையும் வயதும் ஒத்துப்போகாது.

அடுத்து, உங்கள் இருவருக்கும் பொதுவாகப் பொருந்துபவர்கள் யார் யார் என்று பாருங்கள். டேனா லீட்ஸ் என்பவர் 2018-ல் பரப்பிய எளிய முறை ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 90-லிருந்து 400 சென்டிமார்கன் வரை உள்ள உறவினர்களை எடுத்து, ஒருவரோடொருவர் பொருந்துபவர்களுக்கு ஒரே நிறம் கொடுத்துக்கொண்டே போனால், பெரும்பாலும் நாலு நிறத்தில் முடியும். நாலு நிறம், நாலு தாத்தா பாட்டிகள். உங்களுக்குத் தெரிந்த உறவினர் ஒருவர் ஒரு நிறத்தில் இருந்தாலே அந்த நிறம் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத நிறம் எது என்று பாருங்கள். நீங்கள் தேடுபவர் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்.

ஆனால் இந்தக் கணக்குகள் எல்லாம், நெருங்கிய சொந்தத்துக்குள் திருமணம் அதிகம் இல்லாத குடும்பங்களை மனதில் வைத்துப் போடப்பட்டவை. அத்தை மகன், மாமன் மகள் திருமணம் ஒன்று நடந்திருந்தாலே, அவர்களுடைய பிள்ளைக்குக் கொள்ளுத்தாத்தா பாட்டிகள் எட்டுப் பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு பேர்தான் இருப்பார்கள். பல நூற்றாண்டுகளாக ஒரு வட்டத்துக்குள்ளேயே மணம் முடித்த சமூகமாக இருந்தால், தூரத்துச் சொந்தம்கூடக் கிட்டத்துச் சொந்தம் போல எண் காட்டும். 2017-ல் வெளியான ஒரு மரபியல் ஆய்வு தெற்காசியாவின் 263 குழுக்களைப் பார்த்தது. அவற்றில் 81 குழுக்களில் இந்த நெருக்கம், இதற்குப் பெயர்போன ஃபின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விட அதிகம் என்று கண்டது. உங்கள் குடும்பம் அப்படிப்பட்டதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆம் என்றால், மொத்த எண்ணைவிட மிக நீண்ட ஒற்றைத் துண்டின் அளவைக் கவனியுங்கள். 430 என்பது பத்துப் பன்னிரண்டு நீண்ட துண்டுகளால் ஆனது என்றால் உறவு உண்மையிலேயே நெருக்கம். முப்பது, நாற்பது சிறு துண்டுகளால் ஆனது என்றால் பல வழிகளில் வந்த பழைய சொந்தம் ஒன்றுசேர்ந்து கண்ணைக் கட்டுகிறது.

ஒய் குரோமோசோம், மைட்டோகாண்ட்ரியா (உயிரணுவுக்குள் தனக்கென மரபணு வைத்திருக்கும் சிறு உறுப்பு) சோதனைகளைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஒய் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். மைட்டோகாண்ட்ரியா அம்மாவிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும், ஆனால் மகள்கள் வழியே மட்டும் தொடரும். இரண்டுமே ஒற்றைக் கோடு. பத்துத் தலைமுறை பின்னால் போனால் உங்களுக்கு 1,024 முன்னோர் இடங்கள் இருக்கின்றன. இந்தச் சோதனை அவற்றில் ஒரே ஒருவரைப் பற்றிப் பேசுகிறது. அதனால் "உன் மைட்டோகாண்ட்ரியா பிரிவு இன்னது, ஆகவே நீ இன்னார்" என்பதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். குறிப்பிட்ட ஓர் ஊகத்தைச் சோதிக்க மட்டும் இவை அருமையான கருவிகள். அமெரிக்காவின் மூன்றாம் அதிபர் தாமஸ் ஜெஃபர்சனுக்கும் அவர் அடிமையாக வைத்திருந்த சாலி ஹெமிங்ஸுக்கும் பிள்ளைகள் பிறந்தார்களா என்ற நெடுநாள் சர்ச்சையில் 1998-ல் அதைத்தான் செய்தார்கள். ஜெஃபர்சனுக்கு வாரிசாக வளர்ந்த மகன் இல்லாததால், அவருடைய சித்தப்பா பெரியப்பா வழியில் வந்த ஆண்களின் ஒய் குரோமோசோமையும், சாலியின் கடைசி மகன் எஸ்டன் வழியில் வந்த ஓர் ஆணின் ஒய் குரோமோசோமையும் ஒப்பிட்டார்கள். பொருந்தியது. தகப்பன் ஜெஃபர்சனின் சகோதரி மகன்கள்தான் என்று குடும்பத்தார் சொல்லிவந்த கதை அதோடு அடிபட்டது. ஆனால் அதே ஒய் குரோமோசோம் ஜெஃபர்சனின் தம்பிக்கும் உண்டே? மரபணுவால் அதைப் பிரிக்க முடியவில்லை. ஜெஃபர்சன் எந்தெந்த மாதங்களில் வீட்டில் இருந்தார், பிள்ளைகள் எப்போது பிறந்தார்கள் என்ற பண்ணைக் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்த பிறகுதான் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் அவரையே தகப்பனாக ஏற்றார்கள்.

இன்னொரு வழக்கு இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டு. 2012-ல் லெஸ்டர் நகரில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்த எலும்புக்கூடு அவருடையதுதான் என்று உறுதிசெய்ய, அவருடைய சகோதரியின் பெண்வழியில் வந்த இருவரின் மைட்டோகாண்ட்ரியா உதவியது. ஆண்வழிச் சொந்தம் என்று ஆவணங்கள் சொன்ன ஐந்து பேரின் ஒய் குரோமோசோமோ பொருந்தவில்லை. எங்கோ ஒரு தலைமுறையில் பிறப்புக் கணக்கும் எழுத்துக் கணக்கும் பிரிந்திருக்கின்றன. எந்தத் தலைமுறை என்று இன்றுவரை தெரியாது. ஒரு எழுத்தர் படையே வைத்துக் காப்பாற்றிய வம்சாவளிக்கே இந்தக் கதி. இது எவ்வளவு நடக்கிறது என்று பெல்ஜியம், நெதர்லாந்துக் குடும்பங்களை வைத்து மார்ட்டன் லார்மூசோ குழுவினர் ஆராய்ந்ததில், சராசரியாகத் தலைமுறைக்கு ஒரு சதவீதத்தை ஒட்டியே வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் நெரிசலான நகரங்களின் ஏழைகளிடையே மட்டும் ஏறக்குறைய 6 சதவீதம் வரை ஏறியது. இந்த எண்களை அப்படியே எல்லா ஊருக்கும் பொருத்த முடியாது. ஆனால் பத்தில் ஒன்று என்று பேச்சுவாக்கில் சொல்லப்படுவது மிகை.

இனி காகிதம். உங்கள் ஊகங்கள் இரண்டுமே கொள்ளுத்தாத்தா தலைமுறையை ஒட்டி நிற்கின்றன. தலைமுறைக்கு 25-லிருந்து 30 வருடம் என்று வைத்தால், உங்கள் வயதை வைத்து அவர் எந்தப் பத்தாண்டுகளில் பிறந்திருப்பார் என்று நீங்களே கணக்கிடலாம். அங்கே நேரே குதிக்காதீர்கள். உங்கள் பெற்றோரின் சான்றிதழ்களில் தொடங்கி ஒவ்வொரு படியாகப் பின்னால் போக வேண்டும். ஒவ்வொரு படியிலும் இன்னார் இன்னாருடைய பிள்ளை என்று ஏதாவது ஒரு ஆவணம் சொல்ல வேண்டும். இணையத்தில் ஏற்கெனவே யாரோ கட்டிவைத்திருக்கும் குடும்ப மரங்களைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆதாரமாக வேண்டாம். ஒருவர் செய்த தப்பை நாற்பது பேர் படியெடுத்து, நாற்பது சாட்சி போல நிற்கும்.

எந்த நாட்டில் எப்போதிலிருந்து பதிவு தொடங்குகிறது என்பது பெரிதும் மாறும். பிரான்சில் அரசின் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு 1792 முதல், இங்கிலாந்து வேல்ஸில் 1837 முதல், ஸ்காட்லாந்தில் 1855 முதல். அதற்கு முன்பு தேவாலய, கோயில், நிலப் பதிவுகள்தான். மக்கள்தொகைக் கணக்கின் தனிநபர் தாள்களைப் பல நாடுகள் பூட்டிவைக்கின்றன. அமெரிக்காவில் 72 வருடம். அதனால் 1950-ஆம் ஆண்டுத் தாள்கள் 2022-ல்தான் வெளியாயின. சில காலியிடங்கள் நிரந்தரம். அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டுக் கணக்குத் தாள்கள் 1921-ல் வாஷிங்டனில் ஏற்பட்ட தீயில் எரிந்தும் சேதமடைந்தும் பெரும்பாலும் இல்லாமல் போயின. அயர்லாந்தின் பொது ஆவணக் காப்பகம் 1922-ல் உள்நாட்டுப் போரில் வெடித்துச் சாம்பலானது. இப்படிப்பட்ட இடத்தில் முட்டினால், ஆவணம் இல்லாததை வைத்து ஆளே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. இலவசமாகத் தேட முதல் இடம் ஃபேமிலிசர்ச் தளம். மார்மன் திருச்சபை 1938 முதல் உலகம் முழுக்க எடுத்த நுண்படச் சுருள்களை அதில்தான் எண்மமாக்கி வைத்திருக்கிறார்கள். தேடுபெட்டியில் வராத பதிவுகளும் படங்களாக உள்ளே கிடக்கும், பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்க்கப் பொறுமை வேண்டும்.

கண்டம் தாண்டி வந்த அல்லது போன ஆள் என்பதால் பயணப் பதிவுகள் உங்களுக்கு முக்கியம். கப்பல் பட்டியல், கடவுச்சீட்டு விண்ணப்பம், குடியுரிமை மனு, ராணுவப் பணிக்குறிப்பு, ஒப்பந்தக் கூலிப் பதிவேடு. கடைசியில் சொன்னதில் விவரம் ஆச்சரியப்படும் அளவுக்கு இருக்கும். 1860-லிருந்து 1911 வரை இந்தியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறிய ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், அங்க அடையாளம் எல்லாம் உண்டு. மொரீஷியஸின் குடியேறிகள் பதிவேடுகளை அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனம் பாதுகாக்கிறது. பெயர் எழுத்து எப்படி வேண்டுமானாலும் சிதைந்திருக்கும். எழுதியவர் காதில் விழுந்ததை எழுதினார். அதற்காக "நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் அதிகாரிகள் எங்கள் பெயரையே மாற்றிவிட்டார்கள்" என்ற வகைக் கதைகளை நம்ப வேண்டாம். அங்கிருந்த குடியேற்ற அதிகாரிகள், புறப்பட்ட துறைமுகத்தில் தயாரான பட்டியலைச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெயரைப் பெரும்பாலும் வந்தவர்களே பின்னால் மாற்றிக்கொண்டார்கள். அப்படி மாற்றியவர்களை அவர்களைச் சுற்றியிருந்தவர்களை வைத்துத்தான் பிடிக்க முடியும். கல்யாணச் சாட்சி யார், அடுத்த வீட்டில் யார், நிலம் யாரிடம் வாங்கினார். தன் பெயரை மாற்றிக்கொண்டவர்கூட அண்ணன் தம்பியைச் சாட்சிக் கையெழுத்துக்கு அழைத்திருப்பார்.

இவ்வளவும் கைகூடினால் பெயரும் தேதியும் கிடைக்கும். அந்த இரண்டு பேருக்குள் என்ன நடந்தது என்பது கிடைக்காது. காதலா, கல்யாணமா, வற்புறுத்தலா, தத்தெடுத்த பிள்ளையா என்று மரபணுவில் எழுதியிருக்காது. ஒரு கடிதமோ வழக்குக் காகிதமோ அகப்பட்டால் உண்டு. இல்லையென்றால் "தெரியவில்லை" என்று எழுதிவையுங்கள். அழகான கதை ஒன்றை அங்கே செருகினால் அடுத்த தலைமுறை அதையே உண்மையென்று தூக்கித் திரியும். இன்னொன்று: 11 சதவீதம் வந்துவிட்டதால் அந்த மக்களில் ஒருவர் ஆகிவிட்டதாகவும் நினைக்க வேண்டாம். உறுப்பினர் யார் என்று தீர்மானிக்கும் உரிமையைப் பல சமூகங்கள் தாங்களே வைத்திருக்கின்றன. அமெரிக்கப் பூர்வகுடிகளில் ஒன்றான செரோக்கி தேசம் மரபணுச் சோதனையை ஏற்பதில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடிந்த டாஸ் பதிவேடு என்ற பூர்வகுடிப் பட்டியலில் உள்ள ஒருவரின் நேர் வாரிசு என்று ஆவணம் காட்ட வேண்டும்.

வீட்டில் கேட்பதைப் பற்றி. கேளுங்கள், ஆனால் மேலே சொன்ன பட்டை, பொருத்தம், பொது உறவினர் மூன்றையும் பார்த்து ஊகம் ஓரளவு தெளிந்த பிறகு கேளுங்கள். மூத்தவர் ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள், எல்லோரும் கூடியிருக்கும் இடத்தில் வேண்டாம். "ஏன் மறைத்தீர்கள்" என்று ஆரம்பித்தால் கதவு அங்கேயே சாத்திக்கொள்ளும். "உங்க பாட்டி எப்படி இருப்பாங்க, எங்கே பிறந்தாங்க, அவங்க வீட்டுக்கு யார் வந்து போவாங்க" என்று கேளுங்கள். பழைய போட்டோ ஒன்றை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தால் இன்னும் நல்லது. பெரும்பாலும் அவர்களுக்கும் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தாலும், நிறத்துக்காகவோ சாதிக்காகவோ மதத்துக்காகவோ ஒரு பிள்ளையை யாரும் ஒதுக்கிவிடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டவர்களாகத்தான் அவர்கள் இருப்பார்கள். சொல்ல மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். ஆவணம் எங்கும் ஓடாது. ஊகம் உங்கள் அப்பாவின் பிறப்பையே தொடுவதாக இருந்தால், அதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர் அவர்தான். மற்றவர்களிடம் பேசுவதற்கு முன் அவரிடம் பேசுங்கள்.

430 ஆளுக்கு எழுதும் கடிதம் நாலு வரிக்கு மேல் போகக் கூடாது. உங்கள் பெயர், பொருத்தத்தின் அளவு, தாத்தா பாட்டிகள் பிறந்த ஊர்கள், அவருக்குத் தெரிந்ததைப் பகிர முடியுமா என்ற கேள்வி. ஊகத்தை முதல் கடிதத்திலேயே கொட்டாதீர்கள். அவருக்கு இது முதல் செய்தியாக இருக்கலாம். பதில் வரப் பல மாதம் ஆகலாம்; பலர் சோதனை செய்துவிட்டுத் தளத்தையே மறந்துவிடுகிறார்கள். காத்திருக்கும் நேரத்தில் உங்கள் கோப்பை வேறு தளங்களில் ஏற்றலாமா என்றால், வலை விரியும், அதோடு ஆபத்தும் விரியும். 2018-ல் 'கோல்டன் ஸ்டேட் கில்லர்' என்ற தொடர் கொலையாளியை அமெரிக்கப் போலீஸ் பிடித்தது, ஜெட்மேட்ச் போன்ற தளங்களில் தூரத்துச் சொந்தக்காரர்கள் ஏற்றிவைத்த தரவு வழியாகத்தான். 2023-ல் 23அண்ட்மீ என்ற மரபணுச் சோதனை நிறுவனத்திலிருந்து ஏறக்குறைய 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியே போயின. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. பிரான்சில் இந்த வகைச் சோதனையை ஆர்வத்துக்காகச் செய்துகொள்வதே சட்டவிரோதம். நீங்கள் ஏற்றுவது உங்கள் தரவு மட்டுமில்லை, பாதி உங்கள் கூடப் பிறந்தவர்களுடையதும்கூட. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏற்றுங்கள். ஏற்றும் முன் போலீஸ் தேடலுக்கு அனுமதிக்கும் பெட்டியில் டிக் ஏற்கெனவே விழுந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டைப் படமும், 430-ல் மிக நீளமான துண்டின் அளவும் தெரிந்தால் இங்கேயே எழுதுங்கள், இரண்டு ஊகங்களில் எது நிற்கும் என்று சேர்ந்து பார்க்கலாம்.